வேலை செய்வார்க்கு உகந்த கம்பெனி எது?

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



‘வேலை செய்வார்க்கு உகந்த கம்பெனி எது?’ என்பது எனக்கு அளிக்கப்பெற்ற பொருள். கோயில் திருப்பணி, கல்வி நிதி, விவாகச் செலவைக் குறைத்தல் முதலியவற்றை ஆராயும் இவ்விடத்தில் கம்பெனிச் சிப்பந்திகளின் குறைநிறைகளுக்கு இடம் ஏது என்று சிலர் ஐயுறக்கூடும். இங்கே அமர்ந்திருப்போரில் ஒரு சாரார் சம்பளம் கொடுப்போர். மற்றொரு சாரார் சம்பளம் வாங்குவோர். இரு சாராரும் ஒரே பந்தியில் உண்கிறோம். ஒரே கோயிலில் பிரசாதம் பெறுகிறோம். அங்ஙனமிருந்தும், நாம் ஒருவரோடொருவர் மனம் விட்டுப் பேசாத பொருள் ஒன்று உண்டென்றால், அஃது இதுவேயாகும். ஆதலின் இதனைப் பேசுதற்கு இச்சபையினும் ஏற்ற இடம் வேறில்லை.

நம் முதலாளிமார் கூறும் குறை யாவரும் அறிந்ததே. “நம் பையன்கள் நம் கடைக்கு வருவதில்லை, சென்னையிலும் பெங்களூரிலும் உள்ள அன்னியர் கம்பெனிகளுக்கு ஓடுகிறார்கள், அங்கே இராப்பகலாய் உழைக்கிறார்கள், நம்மிடம் வந்தால் வீட்டுப் பிள்ளைபோல வைத்துக்கொள்வோமே” என்கின்றனர். இதற்கு இளைஞர் கூறும் விடை சபைகளில் கேட்பதில்லை; திண்ணைகளில்தான் கேட்கிறது. “வீட்டுப் பிள்ளைபோல என்பதுதான் எங்களுக்கு அச்சமாயிருக்கிறது. வீட்டுப் பிள்ளைக்கு மணிக் கணக்கு இல்லை, சம்பளத் தேதி இல்லை, ஓய்வு நாள் இல்லை, ஏன் என்று கேட்கும் வாயும் இல்லை” என்கின்றனர் அவர்கள்.

இவ்விரு கூற்றையும் யான் பலகாலும் எண்ணிப் பார்த்ததுண்டு. முதலாளியின் அன்பு பொய்யன்று. இளைஞனின் அச்சமும் பொய்யன்று. முதலாளி தம் தயவைக் கூறுகிறார். இளைஞனோ முறையைக் கேட்கிறான். தயவு என்பது கொடுப்பவர் மனத்தைப் பொறுத்தது; இன்று உண்டு, நாளை இல்லை. முறை என்பது கொடுப்பவரையும் கட்டுவது. அவர் மாறினும் அது மாறாது. எந்தக் கம்பெனியில் ஊழியனுக்குரிய நன்மைகள் முதலாளியின் மனநிலையைச் சார்ந்திராமல், எழுதப்பட்ட முறையாய் நிலைபெற்றிருக்கின்றனவோ, அதுவே வேலை செய்வார்க்கு உகந்த கம்பெனி. இதுவே யான் இன்று சொல்ல விரும்புவது. இனிக் கூறுவன யாவும் இதற்கு விளக்கமேயாகும்.

முதற்கண் ஒன்று சொல்லிவிடுகிறேன். போதிய சம்பளம் இல்லாத இடம், வேறு எத்தனை சிறப்புடையதாயினும், நல்ல இடம் ஆகாது. வயிறு நிறையாதவனிடம் பண்பைப் பற்றிப் பேசுதல் வீண். ஆயினும் சம்பளம் ஒன்றே போதுமா? அழகிய கட்டடமும், உணவுசாலையும், விளையாட்டு மைதானமும் சேர்ந்தால் போதுமா? இதற்கு விடையாக அமெரிக்க நாட்டில் நிகழ்ந்த ஒரு வரலாற்றைக் கூறுவேன்.

ஜார்ஜ் புல்மன் என்பவர் புகைவண்டித் தொடரில் பிரயாணிகள் படுத்துச் செல்லுதற்குரிய வண்டிகளைச் செய்து பெரும்பொருள் ஈட்டியவர். அவர் 1880-ஆம் ஆண்டு முதல் சிகாகோ நகரின் தென்புறத்தே தம் தொழிலாளர்க்கென்றே ஓர் ஊரை நிருமாணித்தார். செங்கல் வீடுகள், குழாய் நீர், புத்தகசாலை, நாடகசாலை, பூங்கா ஆகிய யாவும் அங்கே அமைந்திருந்தன. பல தேசத்தாரும் வந்து பார்த்து வியந்தனர். ஆனால் வீடுகள் அனைத்தும் கம்பெனிக்கே சொந்தம். தொழிலாளி ஒருவன் தன் பணத்தால் ஒரு வீட்டை வாங்கிக்கொள்ள இயலாது. 1893-ஆம் ஆண்டில் வியாபார மந்தம் வந்தது. கம்பெனி தொழிலாளரின் கூலியை ஏறக்குறைய நூற்றுக்கு 25 வீதம் குறைத்தது. வீட்டு வாடகையையோ சிறிதும் குறைக்கவில்லை. பங்குதாரர்க்குரிய இலாபப் பங்கும் வழக்கம்போல் கொடுக்கப்பட்டது. 1894-ஆம் ஆண்டு மே மாதத்தில் தொழிலாளரின் பிரதிநிதிகள் சிலர் தம் குறையை எடுத்துரைக்கச் சென்றனர். அவர்களுள் மூவர் மறுநாளே வேலையிழந்தனர். வேலை நிறுத்தம் தொடங்கிற்று, அது நாடெங்கும் புகைவண்டிப் போக்குவரத்தைத் தடுத்தது, இராணுவம் வந்தது, உயிர்ச்சேதமும் நேர்ந்தது. ஒரு கம்பெனி ஓர் ஊரையே தன் உடைமையாக வைத்திருத்தல் அதன் சாசனத்திற்குப் புறம்பானது என்று 1898-இல் இல்லினாய் மாகாணத்து உயர்ந்த நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

புல்மன் கொடியவர் என்று யான் கூறவரவில்லை. தம் தொழிலாளர் நல்ல வீட்டில் வாழவேண்டும் என்று அவர் எண்ணியது மெய்யாகவே இருக்கலாம். ஆனால் அவர் கொடுத்தன யாவும் அவர் விரும்பியவாறு கொடுத்தவை. கூலியைக் குறைத்ததும் அவர் விரும்பியவாறே. தொழிலாளனுக்கு நன்றி செலுத்தும் கடமை இருந்தது. கேட்கும் உரிமை இருந்ததில்லை. பூங்காவும் புத்தகசாலையும் அந்தக் குறையை நிரப்பவில்லை.

இதற்கு மாறான வரலாறு ஒன்று ஜெர்மனி தேசத்தில் உண்டு. அதனைச் சற்று விரிவாகக் கூற அனுமதி வேண்டுகிறேன். யேனா என்னும் சிறு நகரில் கார்ல் ஸைஸ் என்பவர் 1846-இல் ஒரு பட்டறை தொடங்கி, நுண்பொருள்களைப் பெரிதாக்கிக் காட்டும் மைக்ராஸ்கோப்புகளைச் செய்து வந்தார். 1866 முதல் எர்ன்ஸ்ட் ஆபே என்னும் பௌதிக சாஸ்திர அறிஞர் அவருக்குத் துணையாய் அமைந்தார். பின்னர்ப் பங்காளியும் ஆனார். ஆபேயின் கணித அறிவாலேயே அப்பட்டறை உலகப் புகழ் பெற்ற தொழிற்சாலையாய் வளர்ந்தது.

இந்த ஆபே செல்வர் வீட்டுப் பிள்ளையல்லர். ஐஸனாக் என்னும் ஊரில் நூற்பாலையில் உழைத்த ஒருவரின் மகன். தம் தந்தை நாள்தோறும் 14 மணி முதல் 16 மணி வரை நின்றவாறே வேலை செய்ததையும், தாம் சிறுவனாய் நடுப்பகல் உணவு கொண்டு சென்றபோது, தந்தை ஓர் இயந்திரத்தின்மீதோ பெட்டியின்மீதோ சாய்ந்துகொண்டு, அவசரம் அவசரமாய் உண்டுவிட்டு, வெறும் பாத்திரத்தைத் தம் கையில் கொடுத்து உடனே வேலைக்குத் திரும்பியதையும் ஆபே பிற்காலத்தில் ஒரு சொற்பொழிவில் எடுத்துரைத்தார். செல்வம் பெற்ற பின்னரும் அவர் அப்பாத்திரத்தை மறந்தாரில்லை.

1888-இல் ஸைஸ் காலமானார். அடுத்த ஆண்டிலேயே ஆபே ஓர் அறநிலையத்தை ஏற்படுத்தினார். அதற்குத் தம் பெயரை இடாமல், ஸைஸின் பெயரையே இட்டார். 1891-இல் தொழிற்சாலையில் தமக்கிருந்த பங்கு முழுவதையும் அந்நிலையத்திற்கு உரிமையாக்கிவிட்டு, தாம் சம்பளம் பெறும் நிர்வாகிகளில் ஒருவராய் அமர்ந்தார். 1896-இல் அந்நிலையத்தின் விதிகள் எழுதி வெளியிடப்பட்டன. அவ்விதிகளில் சிலவற்றை இங்கே கூறுகிறேன். நாள்தோறும் வேலை நேரம் இவ்வளவே என வரையறுக்கப்பட்டது. அதற்கு மேற்பட்ட வேலைக்கு ஒருவனைக் கட்டாயப்படுத்தலாகாது. சம்பளத்துடன் கூடிய விடுமுறை உண்டு. முதுமையிலும் நோயிலும் உபகாரச் சம்பளம் உண்டு. கொடாவிடில் ஊழியன் நியாயஸ்தலத்திற்குச் சென்று கேட்டுப் பெறலாம். தன் குற்றமின்றி வேலையிலிருந்து நீக்கப்படுவோனுக்கு நஷ்டஈடு உண்டு. எத்துணை உயர்ந்த நிர்வாகியாயினும், தொழிலாளரின் சராசரி வருமானத்தைப்போல் பத்து மடங்கிற்கு மேல் சம்பளம் பெறலாகாது. பிறப்பு, மதம், அரசியற் கட்சி ஆகிய எதனையும் கருதி ஒருவரை ஏற்பதும் தள்ளுவதும் கூடாது.

ஆபே இவற்றைத் தருமம் என்று கூறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன். முதலாளி தரும் உபகாரங்களை அவர் விரும்பவேயில்லை. ஊழியனுக்கு உரியதை உரிமையாய்க் கொடுக்க வேண்டும், அவ்வுரிமையை அடுத்து வரும் நிர்வாகியும் பறிக்க முடியாதபடி விதியாய் எழுதிவைக்க வேண்டும் என்பதே அவர் கொள்கை.

இதனால் தொழில் நலிந்ததா? 1900-ஆம் ஆண்டில் ஆபே 9 மணி வேலையை 8 மணியாகக் குறைத்தார். பின்னர், துண்டுக்கு இவ்வளவு என்று கூலி பெறும் 233 பேரின் கணக்கை எடுத்து, முந்திய ஆண்டையும் பிந்திய ஆண்டையும் ஒப்பிட்டார். ஒன்பது மணியில் செய்ததை எட்டு மணியில் செய்யவேண்டுமானால் மணிக்குரிய வேலை நூற்றுக்கு 12½ பங்கு உயரவேண்டும். அவர் கண்டதோ நூற்றுக்கு 16 பங்குக்கு மேற்பட்ட உயர்வு. குறைந்த நேரத்தில் கூடுதலான வேலை நடந்தது. களைத்த கை மெதுவாய் ஓடுகிறது. களையாத கை விரைந்து ஓடுகிறது. ஆபே நிறுவிய அறநிலையம் இரண்டு உலக யுத்தங்களையும் தேசப் பிரிவினையையும் கடந்து, இன்றும் ஸைஸ், ஷாட் என்னும் இரண்டு பெருங் கம்பெனிகளுக்கு உரிமை பூண்டு விளங்குகிறது.

நம் நாட்டிலும் இதற்கு உதாரணம் இல்லாமலில்லை. ஜாம்ஷெட்பூரில் உள்ள டாட்டா இரும்பாலை 1912-லேயே எட்டு மணி வேலையை ஏற்றது. 1920-இல் சம்பளத்துடன் விடுமுறையும் சேமநிதியும் ஏற்படுத்திற்று. சேமநிதியைக் கட்டாயமாக்கும் சட்டம் 1952-இல்தான் வந்தது. சட்டம் வரும்வரை காத்திராமல் முறை வகுத்தமையால், அவ்வாலையின் பெயர் நூறாண்டு கழிந்தும் நன்மதிப்புடன் வழங்குகிறது.

ஜெர்மனியையும் ஜாம்ஷெட்பூரையும் ஏன் தேடுகிறீர், நம் முன்னோர் முறையறியாதவரா என்று கேட்பீராயின், அதற்கே இப்போது வருகிறேன்.

பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் கொண்டுவிற்கச் சென்ற நம் பாட்டன்மார், ஒருவரை வேலைக்கு அமர்த்தும்போது சம்பளச் சீட்டு எழுதினர். எந்த ஊர், என்ன வேலை, எத்தனை ஆண்டு, மொத்தச் சம்பளம் எவ்வளவு என்பன அதில் எழுதப்பட்டன. தவணை பெரும்பாலும் மூன்று ஆண்டு. சம்பளத்தில் ஒரு பகுதி முன்பணமாய்க் கொடுக்கப்பட்டது. ஊரில் உள்ள குடும்பம் அதனைக்கொண்டு வாழ்ந்தது. வழிச் செலவும் உணவும் கடையைச் சேர்ந்தவை. தவணை முடிந்து ஊர் திரும்பியவன் சில காலம் வீட்டில் இருந்துவிட்டு மறு சீட்டு எழுதுவான். பெட்டியடிப் பையனாய்ப் புகுந்தவன் கணக்குக் கற்று அடுத்தாள் ஆவான். அடுத்தாள் மேலாள் ஆவான். மேலாளுக்கு இலாபத்திலும் பங்கு கிடைக்கும். அப்பங்கைச் சேர்த்துத் தனிக் கடை வைத்து முதலாளியானோர் பலர். ஐந்தொகை எடுத்து அனுப்பவேண்டிய காலத்தில் அனுப்புதல் மேலாளின் கடமை. எழுதிய சீட்டின்படி நடத்தல் முதலாளியின் கடமை. எழுத்து இருவரையும் கட்டிற்று.

இந்த ஏற்பாட்டில் நான்கு நன்மைகளைக் காண்கிறேன். செய்யவேண்டிய வேலை தெளிவு. பெறவேண்டிய பொருள் தெளிவு. முடியும் நாள் தெளிவு. உயரும் வழி தெளிவு. இவ்வளவு தெளிவு இன்று நம் கடைகள் பலவற்றில் உண்டா என்று ஒவ்வொருவரும் தம் நெஞ்சையே கேட்டுக்கொள்ளலாம்.

அம்முறையில் குறைகளும் இருந்தன. அவற்றை மறைப்பது நேர்மையன்று. மூன்றாண்டு மனைவி மக்களைப் பிரிந்திருத்தல் சிறு துன்பமன்று. ஆண்கள் கிட்டங்கியில் உறங்க, பெண்கள் பெரிய வீடுகளில் தனித்திருந்து குடும்பம் காத்தனர். அவர் பட்ட பாட்டை எந்தப் பேரேடும் எழுதவில்லை. விளையாடும் பருவத்துச் சிறுவர் விடியுமுன் எழுந்து இரவு வரை கடையிலேயே கிடந்தனர். மேலும் அவ்வேணி உறவினருக்கும் நம்மவருக்குமே அமைந்தது. பிறர் அதில் ஏற இடமிருந்ததில்லை.

1942-இல் ஜப்பானியப் படையெடுப்பு நேர்ந்தது. பின்னர்ப் பர்மா சுதந்தரம் பெற்று நிலங்களைத் தேச உடைமையாக்கிற்று. நம் கடைகள் மறைந்தன. பிழைத்தவர்கள் தாய்நாடு திரும்பி ஆலைகளும் கடைகளும் பிறவும் வைத்தனர். அப்போது நாம் எதைக் கொண்டுவந்தோம், எதை விட்டுவந்தோம் என்பதுதான் என் கேள்வி. உறவைக் கொண்டுவந்தோம், சீட்டை விட்டுவிட்டோம். உறவினன்தானே, எழுத்து எதற்கு என்கிறோம். நம் பாட்டன்மார், உறவினன் ஆதலாலேயே எழுத்து வேண்டும் என்று கருதினர். எழுதியிருந்தால் பிணக்கு வந்தபோது சீட்டைப் பார்க்கலாம். எழுதாவிட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே கூசும் நிலை வரும். 2020-இல் இந்தியப் பாராளுமன்றம் நிறைவேற்றிய தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, வேலையில் சேர்வோர்க்கு நியமனக் கடிதம் கொடுத்தல் வேண்டும் என்று விதிக்கிறது. இதைக் கேட்டுச் சலித்துக்கொள்ளும் நம் வியாபாரிகளுக்கு யான் சொல்வது, இது புதிய சுமையன்று, நம் பாட்டன் எழுதிய சீட்டே திரும்பி வருகிறது என்பதேயாம்.

இனி, உடலைப் பற்றிச் சில சொற்கள். ஆபேயின் தந்தை நின்றுகொண்டே உண்டது ஜெர்மனியின் பழங்கதை மட்டுமன்று. சென்னைப் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர் 1918-இல் பி.பி. வாடியா அவர்களிடம் சென்று உரைத்த குறைகளுள் முன்நின்றது நடுப்பகல் உணவு நேரத்தைப் பற்றியதே. அரை மணி நேரத்திற்குள் ஆலையை விட்டு வந்து, கை கால் கழுவி, உண்டு, திரும்பிவிட வேண்டும். வேலையோ, நாள் முழுவதும் நின்றபடி. அக்குறையிலிருந்தே 1918 ஏப்ரல் 27-ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. அத்தொழிலாளருக்கு முதலில் துணைநின்ற செல்வபதி செட்டியார், இராமாநுஜலு நாயுடு இருவரும் அப்பகுதியில் இருந்த சிறு வியாபாரிகள் என்பது வணிகராகிய நாம் நினைவில் வைக்கத்தக்கது.

அதற்கு நூறாண்டு கழித்தும் நம் ஊர்ப் பெரிய துணிக்கடைகளில் பெண்பிள்ளைகள் காலை முதல் இரவு வரை நின்றுகொண்டிருந்தனர். வாங்குவார் இல்லாத வேளையிலும் உட்காரலாகாது. உட்கார்ந்தால் சோம்பல் என்று பெயர். கேரள நாட்டில் கோழிக்கோட்டுத் துணிக்கடைப் பெண்கள் பல்லாண்டு முறையிட்ட பின்னர், அந்நாட்டுச் சட்டம் 2018-இல் திருத்தப்பெற்றது. நம் தமிழ்நாட்டுச் சட்டசபை 2021-ஆம் ஆண்டு செப்டம்பரில், 1947-ஆம் ஆண்டுக் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர் அனைவர்க்கும் இருக்கை வசதி செய்தல் வேண்டும் என்று விதித்தது. உட்காருவதற்கும் ஒரு சட்டம் வேண்டியிருந்தது என்பது வணிக வகுப்பார் அனைவரும் நாணத்தக்க செய்தி. ஒரு மரப் பலகையின் விலை யாது? ஒரு சேலையின் விலைக்கு எத்தனை பலகை வாங்கலாம்? பொருளின்மையால் அன்று, நினைப்பின்மையாலேயே அப்பெண்கள் நின்றனர். சட்டம் வந்த பின்னரும், நாற்காலியைப் போட்டுவிட்டு அதில் உட்கார்ந்தவளை முறைத்துப் பார்க்கும் மேற்பார்வையாளர் இருப்பாராயின், அங்கே சட்டம் உண்டு, முறை இல்லை. பெண்கள் வேலை செய்யும் இடத்தில் தூய கழிப்பறை இருத்தலும், பத்துப் பேரேனும் உள்ள நிறுவனத்தில் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களின் முறையீட்டைக் கேட்கும் குழு அமைத்தலும் இவ்வகையைச் சேர்ந்தனவே.

அடுத்தது வாய். ஊழியன் தவறு கண்டால் அதனை அஞ்சாது கூற இடமுள்ளதே நல்ல கம்பெனி. ஜப்பானிலுள்ள டொயோட்டா மோட்டார் ஆலைகளில், வண்டிகள் வரிசையாய் உருவாகி வரும் இடத்தில் ஒரு கயிறு தொங்கவிடப்பட்டிருந்தது. கடைநிலைத் தொழிலாளியும் குறை கண்டவுடன் அக்கயிற்றை இழுக்கலாம். மேற்பார்வையாளர் வந்து பார்ப்பார். சரிசெய்ய இயலாதாயின் வரிசையே நிற்கும். இழுத்தவனைக் கடிந்துகொள்ளும் வழக்கம் இல்லை. அமெரிக்காவில் ஆமி எட்மண்ட்சன் என்னும் ஆராய்ச்சியாளர், ஆஸ்பத்திரிகளில் மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகளை ஆராய்ந்து 1996-இல் வெளியிட்டார். நன்கு இணைந்து வேலை செய்யும் கூட்டத்தாரிடம் பிழைகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார்; கணக்கில் கூடுதலாகத் தெரிந்தன. காரணம் யாதெனில், அவர்கள் பிழையை மறைக்கவில்லை. தலைவிக்கு அஞ்சிய கூட்டத்தாரோ மறைத்தனர். நம் கடைகளிலும் இஃது உண்டு. சரக்கு கெட்டதை முதலில் அறிபவன் கிடங்கில் உள்ள ஆள். கணக்கு இடறுவதை முதலில் அறிபவன் குமாஸ்தா. அவன் வாய் திறக்க அஞ்சினால், இழப்பு முதலாளிக்குத்தான். அதுவும் காலங் கடந்து தெரியும்.

இறுதியாக, சொல்லக் கூசினும் சொல்லியே தீரவேண்டிய ஒன்று. இருபது ஆண்டு கணக்கு எழுதிய ஒருவருக்கு மேலே, நேற்றுப் படிப்பு முடித்துவந்த மருமகனை அமர்த்துகிறோம். கணக்கர் ஒன்றும் கூறுவதில்லை. ஆனால் அன்று முதல் அவர் நெஞ்சு கடையில் இல்லை. நம் கடைகளிலும் ஆலைகளிலும் உழைப்போர் பெரும்பாலோர் நம் குலத்தவர் அல்லர். அவர் உழைப்பால் நாம் வாழ்கிறோம். அவருக்கு உயரும் ஏணி உண்டா? உண்ணும் இடமும் நீர் அருந்தும் பாத்திரமும் எல்லார்க்கும் ஒன்றா? பிறப்பைக் கருதலாகாது என்று ஆபே 1896-இல் எழுதிவைத்தார். குலத்தின் பெயரால் கூடியிருக்கும் நாம் இதனைக் கேட்கும்போது சிறிது சங்கடம் உண்டாகலாம், உண்டாக வேண்டும். நம்மவர்க்குக் கல்வி அளிக்கவும் நலிந்தோரைத் தாங்கவும் சங்கம் வேண்டும்; மறுப்பாரில்லை. ஆனால் கடையின் வாயிலில் குலம் நின்றுவிட வேண்டும். உள்ளே திறமையும் நாணயமுமே செல்ல வேண்டும். நம் பிள்ளைகள் அன்னியர் கம்பெனிகளில் உயர்கின்றனரே, அங்கே அவர்களை யார் மகன் என்று எவர் கேட்டனர்? நமக்குக் கிடைத்த நீதியை நாம் பிறர்க்குக் கொடுத்தல் கடனன்றோ!

“இவையெல்லாம் பெரிய கம்பெனிகளுக்குச் சரி, ஐந்து ஆட்களை வைத்துள்ள சிறு கடைக்காரன் என்ன செய்வான்?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வியே. எட்டு மணி முறைக்கு ஆள் கூடுதலாக வேண்டும், செலவுதான். ஆனால் சம்பளச் சீட்டுக்கு ஆவது ஒரு தாள். குறித்த தேதியில் சம்பளம் கொடுத்தலுக்குக் கூடுதற் செலவு ஒன்றுமில்லை. மரியாதையாய் அழைத்தலுக்கும் இல்லை. மேலும், ஆட்கள் நிலையாது ஓடிப்போதலின் செலவை நாம் கணக்கில் எழுதுவதில்லை. அமெரிக்காவில் ஹென்றி போர்டு என்பவரின் மோட்டார் ஆலையில் 1913-இல் ஏறக்குறைய 14,000 பேரை வேலையில் வைத்திருப்பதற்காக, அவ்வாண்டில் 52,000 பேருக்கு மேல் புதிதாய்ச் சேர்க்க நேர்ந்தது. அதன் பின்னரே 1914 ஜனவரியில் அவர் நாளொன்றுக்கு ஐந்து டாலர் என்றும் எட்டு மணி வேலை என்றும் அறிவித்தார், ஆட்கள் நிலைத்தனர். ஆயினும் அவர் அக்கூலியைப் பெறுவோரின் வீட்டொழுக்கத்தை ஆராய ஆட்களை அனுப்பியதைத் தொழிலாளர் வெறுத்தனர். கூலியை முறையாய்க் கொடுத்துவிட்டு வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பது மீண்டும் புல்மன் வழியே.

சம்பளம் வாங்கும் சகோதரர்களுக்கும் ஒரு சொல். முறை இரு பக்கமும் கட்டுவது. சீட்டில் கையெழுத்திட்டவன் தவணைக்கு முன்பே சொல்லாமல் ஓடுதல், கடையின் இரகசியத்தை அடுத்த கடைக்குக் கொண்டுசெல்லுதல், முதலாளி இல்லாத வேளையில் வேலையை வஞ்சித்தல் ஆகிய இவை உரிமை கேட்பவனுக்கு அடாதவை. வெளிநாட்டுக் கம்பெனி என்றவுடன் அங்கே யாவும் முறைப்படி இருக்கும் என்று மயங்கவும் வேண்டா. பளபளக்கும் மாளிகைக்குள்ளும் இரவு பன்னிரண்டு மணிக்கு வேலை சொல்லும் அதிகாரி உண்டு; ஒரே நாளில் கடிதம் அனுப்பி நூற்றுக் கணக்கானவரை நீக்குதலும் உண்டு. இலவசச் சாப்பாட்டைப் பார்த்துச் சேராமல், சீட்டைப் படித்துச் சேருங்கள்.

முடிவாக, நம் சங்கம் செய்யத்தக்கன என்று யான் கருதுவனவற்றைச் சுருங்கச் சொல்லுகிறேன். முதலாவது, சங்கமே மாதிரிச் சம்பளச் சீட்டு ஒன்றைத் தமிழில் அச்சிட்டு, அங்கத்தினர் கடைகள் அனைத்திற்கும் வழங்க வேண்டும். வேலை, சம்பளம், கொடுக்கும் தேதி, வேலை நேரம், விடுமுறை, விலகும் விதம் ஆகிய ஆறும் அதில் இருத்தல் வேண்டும். இரண்டாவது, உறவினராயினும் பிறராயினும் அச்சீட்டு இல்லாமல் எவரையும் வேலைக்கு வைப்பதில்லை என்று முதலாளிமார் உறுதி கூற வேண்டும். மூன்றாவது, இருக்கை, உணவு நேரம், கழிப்பறை ஆகியவற்றை அங்கத்தினர் தம் கடைகளில் தாமே சோதித்துக் குறை தீர்க்க வேண்டும். நான்காவது, முதலாளிக்கும் ஊழியர்க்கும் பிணக்கு நேர்ந்தால், இரு பக்கத்தையும் கேட்டு ஆலோசனை கூற, நடுநிலையுள்ள மூவரைச் சங்கம் நியமிக்க வேண்டும். அவர்களிடம் வரும் ஊழியர் எக்குலத்தவராயினும் கேட்க வேண்டும். அம்மூவருள் ஒருவரேனும் சம்பளம் வாங்குபவராய் இருத்தல் வேண்டும்.

இவற்றைச் செய்துவிட்டால் நம் பிள்ளைகள் அனைவரும் நம் கடைகளுக்கே திரும்பிவிடுவர் என்று யான் வாக்களிக்க மாட்டேன். போகின்றவர் போகட்டும், உலகம் பெரிது. ஆனால் இருக்கின்றவர் வேறு போக்கின்றி இருக்கிறார் என்ற நிலை மாறி, விரும்பி இருக்கிறார் என்ற நிலை வரும். ஒரு முதலாளி, தம் கடையில் கடைசி ஆளாய் உள்ளவனின் இடத்தில் தம் மகன் இருந்தால், எழுதப்பட்ட எந்த விதி அவனைக் காக்கும் என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்பாராயின், யான் இவ்வளவு நேரம் பேசியதன் பயன் கிட்டியதாகும்.

முதலாளியும் தொழிலாளியும் முறையால் இணைந்து வாழ்வாராக!